பழைய டிராக் கார் வாங்குமுன்: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடிய வண்டிகள் அவ்வப்போது விற்பனைக்கு வரும். ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் பைப் கூடு) கட்டி, பக்கெட் சீட் போட்டு, தயாராகவே கிடைப்பதால் புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிடச் செலவு குறைவு. ஆனால் சாலையில் ஓடிய பழைய காரைப் பார்க்கும் கண்ணோடு இதைப் பார்க்கக் கூடாது. ஓடோமீட்டர் இங்கே எதையும் சொல்லாது. வண்டி எத்தனை முறை சூடேறியது, எத்தனை முறை மோதியது, யார் எதை வெல்டிங் செய்தார் என்பதுதான் கணக்கு.

இங்கே தரும் அளவுகள் 1998 முதல் 2003 வரை இந்தியாவில் விற்ற ஹோண்டா சிட்டி 1.5-க்கானவை. சிங்கிள் கேம், 16 வால்வு, டைமிங் பெல்ட் எஞ்சின். எஸ்டீமோ போலோவோ பார்க்கப் போகிறவர்கள் அந்தந்த ஒர்க்‌ஷாப் மேனுவலின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். சோதிக்கும் முறை மாறாது.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்: கழற்றி மாட்டக்கூடிய எதில் கோளாறு இருந்தாலும் அது விலைப் பேச்சு. பாடி ஷெல்லிலும் ரோல் கேஜிலும் கோளாறு இருந்தால் விலைப் பேச்சே கிடையாது, கிளம்பிவிட வேண்டும். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் கிடைக்கும். வளைந்த ஷெல்லும் தப்பான பைப்பில் கட்டிய கேஜும் அடுத்த மோதலில் ஓட்டுபவரின் உடம்பில்தான் முடியும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: கம்ப்ரஷன் கேஜ், மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் (1/8 பிஎஸ்பி டேப்பர் மரை அடாப்டரோடு), வெர்னியர் காலிப்பர், 5 மீட்டர் டேப், காந்தம், டார்ச், ஜாக், இரண்டு ஸ்டாண்டு. விற்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போய் இறங்கும்போது பானெட் சூடாக இருந்தால், ஆற இரண்டு மூன்று மணி நேரம் காத்திருங்கள். கோல்டு ஸ்டார்ட்டில் மட்டும் தெரியும் கோளாறுகள் பல.

சூடானதும் ஆயில் பிரஷர் இறங்குகிறது

டாஷ்போர்டில் மாட்டியிருக்கும் கேஜை நம்பாதீர்கள். ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் உங்கள் கேஜை மாட்டுங்கள். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு அளவெடுங்கள். ஐடிலில் குறைந்தது 10 பிஎஸ்ஐ, 3000 ஆர்பிஎம்மில் குறைந்தது 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். இது மேனுவல் சொல்லும் கடைசி எல்லை. டிராக்கில் ஓட்டப்போகும் எஞ்சின் இதைத் தொட்டுக்கொண்டு நின்றால் போதாது.

உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்று கேளுங்கள், டிப்ஸ்டிக்கை எடுத்து விரலில் தேய்த்தும் பாருங்கள். பேரிங் தேய்ந்த எஞ்சினில் 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயிலை ஊற்றினால் பிரஷர் ஏறிக் காட்டும். கெட்டி ஆயிலிலும் 10 பிஎஸ்ஐதான் வருகிறது என்றால், சரியான ஆயிலில் அது எல்லைக்குக் கீழே போய்விடும்.

பிரஷர் குறைந்திருந்தால் அடுத்த வேலை ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்துப் பார்ப்பது. ஹாக்சா பிளேடால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டரோ டின் ஸ்னிப்போ பயன்படுத்துங்கள். மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். காந்தத்தில் ஒட்டாத சாம்பல் நிறச் செதில்கள் பேரிங்கின் மேல் அடுக்கு. செம்பு நிறம் கலந்திருந்தால் மேல் அடுக்கு தீர்ந்து கீழ் அடுக்கும் தேயத் தொடங்கிவிட்டது. காந்தத்தில் ஒட்டும் துகள் ஆயில் பம்ப், கேம், ராக்கர் பக்கத்திலிருந்து வருவது.

இது டிராக் வண்டிகளில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. நீளமான வளைவில் ஒட்டும் டயரோடு திரும்பும்போது சம்ப்பிலுள்ள (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். அதே நொடியில் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுற்றிக்கொண்டிருக்கும். கனெக்டிங் ராட் பேரிங்கில் ஆயில் படலம் அறுபட ஒரு நொடி போதும். சம்ப்பில் ஆயில் ஒதுங்காமல் தடுக்கும் பாஃபிள் பிளேட் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். போட்டிருப்பதாகச் சொன்னால், எப்போது போட்டார்கள் என்பதையும் கேளுங்கள். பேரிங் ஒருமுறை போன பிறகு போட்டதாக இருந்தால், அப்போது கிராங்க்கை கிரைண்டிங் செய்தார்களா, அதற்கு ஈடாக எந்த அண்டர்சைஸ் பேரிங் போட்டார்கள் என்பதற்கு லேத் பட்டறை பில் இருக்க வேண்டும்.

கீழேயிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தால், ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் தணிகிறதோ அந்த சிலிண்டரின் ராட் பேரிங்தான். எஞ்சினைப் பழைய இரும்பு விலைக்குக் கணக்கிட்டுப் பேசுங்கள். மேலேயிருந்து வரும் மெல்லிய டிக் டிக் வேறு. இந்த எஞ்சினில் வால்வ் கிளியரன்ஸைக் கையால்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்: ஆறிய எஞ்சினில் இன்டேக் 0.18 முதல் 0.22 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.23 முதல் 0.27 மி.மீ. அது அரை நாள் வேலை.

இழுவை குறைவு, அல்லது புகை

கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் எந்த டிராக் வண்டிக்கும் முன்பணம் கொடுக்கக் கூடாது. சூடான எஞ்சினில் நான்கு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர்களையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்று கிராங்க் செய்யுங்கள். பேட்டரி தளர்ந்திருந்தால் நான்கும் பொய் சொல்லும், எனவே ஜம்ப் கேபிள் தயாராக இருக்கட்டும். மேனுவலின் கீழ் எல்லை 135 பிஎஸ்ஐ, சிலிண்டர்களுக்கு இடையே அதிகபட்ச வித்தியாசம் 28 பிஎஸ்ஐ. நல்ல எஞ்சின் 180-க்கு அருகில் நிற்கும்.

நான்கும் 160 என்று சீராக வந்தால் அது ஓடிக் களைத்த எஞ்சின், இன்னும் ஓடும். மூன்று 180, ஒன்று மட்டும் 140 என்றால் அதுதான் கவலை. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. சிலிண்டருக்குள் காற்றை அடித்துக் கசிவை அளக்கும் லீக்டவுன் டெஸ்டர் கிடைத்தால் காற்று எங்கே வெளியேறுகிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம்: சைலன்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வ், த்ராட்டில் வழியாக வந்தால் இன்டேக் வால்வ், ஆயில் மூடி வழியாக வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழியிட்டால் கேஸ்கெட். 10 சதவீதம்வரை கசிவு நல்லது, 20-ஐத் தாண்டினால் எஞ்சினைப் பிரிக்கும் செலவையும் விலையில் கழியுங்கள்.

புகையில் நிறத்தைவிட நேரம் முக்கியம். அழுத்தி மிதிக்கும்போது நீலமாக வந்தால் ரிங். காலை எடுத்து வண்டியை உருளவிட்டு மறுபடி மிதிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் வந்தால் வால்வ் கைடும் சீலும். இரண்டாவது மலிவான வேலை. எஞ்சின் மூச்சுக்குழாயில் வரும் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் கேன் மாட்டியிருந்தால் திறந்து பாருங்கள். பளிச்சென்று துடைத்து வைத்திருந்தால், அன்று அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மீண்டும் திறக்கச் சொல்லுங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும் எஞ்சின் இது. வண்டி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான்.

கூலன்ட் குறைகிறது, டெம்பரேச்சர் ஏறுகிறது

முதலில் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வெறும் தண்ணீர் இருக்கலாம். டிராக்கில் கூலன்ட் சிந்தினால் வழுக்கும் என்பதால் வெறும் தண்ணீரில் ஓட்டுபவர்கள் உண்டு. அதில் தப்பில்லை, ஆனால் துருத் தடுப்பான் சேர்த்திருக்க வேண்டும். தண்ணீர் செங்கல் நிறத்தில் இருந்தால் சேர்க்கவில்லை, வாட்டர் பம்ப்பும் ரேடியேட்டரும் கணக்கில் வரும்.

மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் ஓரிரு குமிழி வருவது சகஜம். தெர்மோஸ்டாட் திறந்த பிறகும் நிற்காமல் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. நீலத் திரவம் மஞ்சளாக மாறும் கம்பஷன் லீக் டெஸ்டர் இதை உறுதிசெய்யும். ஹெட் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று விற்பவர் சொல்வார். சூடேறிய அலுமினிய ஹெட் வளைந்திருக்கும். 0.05 மி.மீ. வளைவுவரை அப்படியே மாட்டலாம், 0.2 மி.மீ. வரை ஃபேஸிங் செய்யலாம் (சீவிச் சமமாக்கலாம்). ஏற்கெனவே ஃபேஸிங் செய்த ஹெட் என்றால் எத்தனை முறை, எவ்வளவு சீவினார்கள் என்று தெரியாமல் அதற்கு விலை போடாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டு ஓட்டியிருந்தால், வேறொரு கோளாறை அது மறைக்கிறது என்று பொருள்.

கியர் கரகரக்கிறது, கியர்பாக்ஸ் ஊளையிடுகிறது

நியூட்ரலில் கிளட்ச்சை விட்டபடி வரும் இரைச்சல், கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். முதலாவதுக்குக் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும், இரண்டாவதுக்கு இறக்கினால் போதும்.

மேலே போகும் கியரில் எல்லா வண்டியும் நன்றாக விழும். மூன்றிலிருந்து இரண்டுக்கு, 4500 ஆர்பிஎம் அளவில், ஹீல் அண்டு டோ இல்லாமல் (பிரேக் பிடித்தபடியே ஆக்ஸிலரேட்டரையும் தட்டாமல்) இறக்கிப் பாருங்கள். கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ போயிருந்தால் அங்கே கரகரக்கும். கியர் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் பிளக்கைக் கழற்றச் சம்மதித்தால் அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு இயல்பானது. நகத்தில் சிக்கும் அளவுக்குத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல்) போட்டிருப்பதாகச் சொன்னால் அதற்கும் சோதனை உண்டு. முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். பிளேட் வகை எல்எஸ்டி நல்ல நிலையில் இருந்தால் மற்றதும் அதே திசையில் சுற்றும். எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃப், அல்லது பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன. ஹெலிகல் வகையை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, பில்தான் சாட்சி.

பிரேக் பெடல் ஆழமாகப் போகிறது

எப்போது போகிறது என்பதைப் பொறுத்துக் கோளாறு மூன்றாகப் பிரியும்.

நான்கைந்து சுற்றுக்குப் பிறகு மெத்தென்று ஆகி, ஆறியதும் பழையபடி ஆனால் ஃப்ளூயிட் கொதித்திருக்கிறது. புதிய டாட் 4 ஃப்ளூயிடின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதன் எல்லை 155 டிகிரிதான். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஷெட்டில் நின்ற வண்டியிலும் ஃப்ளூயிட் கெடும். மாற்றிவிட்டால் தீரும்.

நேர்ச்சாலையில் முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் கெட்டியானால் ஃப்ளூயிடின் தப்பு இல்லை. ஹப் பேரிங் ஆடுகிறது. வளைவில் டிஸ்க் சாய்ந்து பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பிறகு இரு பக்கமும் பிடித்து ஆட்டுங்கள். மேல் கீழாக ஆடினால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ, பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட். ஃப்ளூயிடை எத்தனை முறை மாற்றினாலும் தீராத கோளாறு இது.

நின்ற வண்டியில் ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடிக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர்.

டிஸ்க்கில் மயிரிழை வெடிப்புகள் டிராக் வண்டியில் இருக்கும். நகம் மாட்டும் வெடிப்போ, விளிம்பைத் தொட்டுவிட்ட வெடிப்போ இருந்தால் அன்றைக்கே தூக்கிப் போட வேண்டியது.

ஓடும்போது எஞ்சின் திடீரென்று கட் ஆகிறது

ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் இக்னிஷன்: இந்த சிட்டியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னைட்டர் சூட்டில் சாவது பழைய நோய். முள் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கம். அதிலும் நீள வளைவில் மட்டும் திக்கி, நேர்ச்சாலையில் சரியாகிவிட்டால் டாங்கில் பெட்ரோல் ஒதுங்குகிறது. கால் டாங்குக்குக் கீழே வைத்து ஓட்டிப் பார்த்தால் வெளிவரும்.

வெயிலில் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் ஆனால் டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள மெயின் ரிலேயைச் சந்தேகியுங்கள். சாவியை ஆன் செய்ததும் இரண்டு நொடி பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ரிலேக்குள் சால்டர் விரிசல் விட்டிருக்கும். மறுபடி சால்டர் வைத்தால் போதும். இதற்காக நல்ல ஷெல் உள்ள வண்டியைக் கைவிடாதீர்கள்.

வண்டி நேராகப் போகவில்லை, டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது

இங்கிருந்துதான் கிளம்பிவிடும் பேச்சு தொடங்குகிறது. ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். 5 மி.மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தெரியாமல் மேலே பேசாதீர்கள். பிறகு வீல் அலைன்மென்ட் கடையில் பிரின்ட் எடுங்கள். கேம்பரும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளே வெளியே திரும்பிய கோணம்) அட்ஜஸ்ட்மென்ட்டில் மறைந்துவிடும், ஆகவே காஸ்டரை (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) பாருங்கள். இடது வலது காஸ்டர் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால், ஒன்று ஆர்ம் வளைந்திருக்கிறது அல்லது ஷெல் நகர்ந்திருக்கிறது. புது ஆர்ம் போட்டும் மாறாவிட்டால் ஷெல்தான்.

சஸ்பென்ஷன் மேல் மவுன்ட்டைச் சுற்றியும், சப்ஃப்ரேம் போல்ட்டுகளைச் சுற்றியும், முன் சேசிஸ் ரெயிலின் உள்பக்கமும் டார்ச் அடியுங்கள். பெயின்ட்டில் நூல் போன்ற கோடு, ஸ்பாட் வெல்டைச் சுற்றித் துரு வளையம், தகட்டில் மடிப்பு இவை எதுவும் இருக்கக் கூடாது. அடியில் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால், டிராக் வண்டிக்கு அது எதற்கு என்று கேளுங்கள். எடையைக் குறைக்க, சத்தத்தை அடக்கும் சவுண்ட் டெடனிங் பூச்சையே சுரண்டி எடுப்பவர்கள், காரணமில்லாமல் அடியில் தார் பூச மாட்டார்கள்.

ரோல் கேஜ் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது

பெயின்ட் அடித்த கேஜ் எதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். காலிப்பரை எடுங்கள். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் இணைப்பு ஜே, பிரிவு 253-ன்படி ஓட்டுநரின் பின்னால் நிற்கும் பிரதான வளையம் 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் கொண்ட தையலில்லாத குளிர் இழுப்பு ஸ்டீல் பைப்பாக இருக்க வேண்டும். மற்றவை 38 x 2.5 அல்லது 40 x 2.

காலிப்பர் 42.4 அல்லது 48.3 மி.மீ. காட்டினால் உஷாராகுங்கள். அவை ஒன்றேகால் அங்குல, ஒன்றரை அங்குலத் தண்ணீர்க் குழாயின் வெளி விட்டங்கள். தடிமனாகக் கையில் கனக்கும், ஆனால் ரேஸ் கேஜுக்கான பைப் அல்ல. ஜிஐ பைப்பாக இருந்தால் துத்தநாகப் பூச்சு வெல்டிங்கையும் கெடுத்திருக்கும். விட்டம் சரியாக வந்தாலும் தடிமனுக்கு அல்ட்ராசானிக் மீட்டர் வைத்துப் பாருங்கள், வளைவுகளின் வெளிப்பக்கத்திலும் வையுங்கள். அங்கேதான் பைப் மெலிந்திருக்கும். வளைவில் பைப் நசுங்கியிருந்தால் குறுக்கு விட்டத்தையும் நெடுக்கு விட்டத்தையும் அளந்து, சிறியதைப் பெரியதால் வகுங்கள். 0.9-க்குக் கீழே வந்தால் விதிப்படி தேறாது.

அடுத்து வெல்டிங். மேல் மூட்டுகள் கூரைக்கு ஒட்டி இருப்பதால் வெல்டிங் டார்ச் உள்ளே போகாது என்று பாதி வட்டத்தோடு விட்டுவிடுவார்கள். கீழிருந்து பார்த்தால் தெரியாது. போனை வீடியோவில் போட்டுக் கூரைக்கும் பைப்புக்கும் இடையே நுழைத்து ஒவ்வொரு மூட்டையும் சுற்றிப் படமெடுங்கள். வெல்டிங் 360 டிகிரியும் சுற்றி வந்திருக்க வேண்டும்.

கால்கள் ஊன்றும் இடத்தில் தரைத் தகட்டின் மேல் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள வலுவூட்டும் தகடு வேண்டும். ஒவ்வொரு பிரதானக் காலுக்கும் குறைந்தது மூன்று எம்8 போல்ட், தலையில் 8.8 என்று பொறித்தது. பின் சாய்வுக் கால்களுக்கு 60 சதுர செ.மீ. தகடும் இரண்டு போல்ட்டும். தகடு இல்லாமல் வெறும் தரையில் வெல்டிங் செய்த கேஜ், கவிழும்போது தரையைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும்.

வண்டி ஏற்கெனவே கவிழ்ந்ததா என்பதற்கு ஏ பில்லர் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்) அடியில் மடிப்பு, மாற்றிய கூரைத் தகடு, பட்டி தடவிய தடம் ஆகியவற்றைத் தேடுங்கள். கவிழ்ந்த கேஜை நிமிர்த்திப் பயன்படுத்துவது கூடவே கூடாது.

சீட், பெல்ட், ஃபயர் எக்ஸ்டிங்விஷர் மூன்றிலும் தேதி பாருங்கள். பெல்ட்டின் லேபிளில் காலாவதி ஆண்டு தைத்திருக்கும். எஃப்ஐஏவின் 8855-1999 தரச் சீட்டுக்கு ஆயுள் தயாரிப்பிலிருந்து 5 ஆண்டு. எக்ஸ்டிங்விஷர் 2 ஆண்டுக்குள் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் ஓட்டப்போகும் பிரிவின் விதிப்புத்தகம் இவற்றில் எதைக் கேட்கிறது என்று முதலிலேயே பார்த்துவிட்டு, மாற்ற வேண்டியதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் அப்புறம் தருகிறேன் என்கிறார்

டிராக் வண்டிதானே, ஆர்சி எதற்கு என்று கேட்பார்கள். வண்டி திருட்டு இல்லை, கடனில் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. சேசிஸ் எண்ணை ஃபயர்வாலில் நேரில் படித்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி கிரைண்டிங் தடம் இருந்தால் பேச்சு முடிந்தது. ஆர்சி உயிரோடு இருந்தால் படிவம் 29, 30 கையெழுத்தாகி வர வேண்டும். கடன் பதிவு இருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். ஆர்சி ரத்தான வண்டி என்றால் ரத்துக்கான ஆவணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்படி இருந்தாலும் இதைச் சாலையில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வர முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இப்படி மாற்றியமைத்த வண்டியை அனுமதிக்காது. ஹெல்மெட் இல்லாமல் கேஜுக்குள் உட்கார்ந்து சாலையில் போவதும் ஆபத்து. சின்ன மோதலிலேயே தலை பைப்பில் அடிக்கும். ஃபிளாட்பெட் வாடகையையும் சேர்த்தே வண்டியின் விலையைக் கணக்கிடுங்கள். கூடவே வரும் ஸ்பேர் சாமான்களைப் படமெடுத்து, எண்ணிக்கையோடு விற்பனைத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.